இங்கிலாந்துக் கிராமங்களும் அவற்றின் பழைய கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யாராவது வந்தால் முதல் நாள் லண்டன், இரண்டாம் நாள் ஏதாவது ஒரு கிராமம் என்று கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். போகிற வழியில் காரில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லி வந்த பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கூரை வேய்ந்த வீட்டைப் படம் எடுத்து, டீ குடித்துத் திரும்பிவிட்டால் ஊரின் முகத்தை மட்டும் பார்த்ததாக ஆகிவிடும். அங்கே உழுதவர்கள், விரட்டப்பட்டவர்கள், பிள்ளைகளைப் புதைத்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தடயத்தை விட்டுப் போயிருக்கிறார்கள், அதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தக் கிராமங்கள் எவ்வளவு பழையவை?

பெரும்பாலானவை தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை, அதற்கு எழுத்தில் சாட்சியும் இருக்கிறது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னர் 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டர் நகரில் சபை கூட்டி, நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, பன்றி மேய எவ்வளவு காடு என்று எல்லாவற்றையும் கணக்கெடுக்கச் சொன்னார். 1086-இல் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கேட்டு எழுதிய அந்தக் கணக்குத்தான் டூம்ஸ்டே புத்தகம். 13,418 ஊர்களின் பெயர் அதில் இருக்கிறது, மூலம் லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வரி வாங்கத்தான் எழுதினார்கள், ஆனால் இன்றைக்கு ஒரு சின்ன ஊர்க்காரர்கூட 'என் ஊர் டூம்ஸ்டேயில் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. வடக்கே டர்ஹம், நார்தம்பர்லாந்து பகுதிகளும் லண்டனும் அதில் இல்லை, அதனால் அந்தப் பக்கத்து ஊர் ஒன்று அதில் கிடைக்கவில்லை என்றால் அது புதிய ஊர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஊர்ப் பெயர்கள் ஏன் ஹாம், டன், பி என்றே முடிகின்றன?

நம் பக்கம் பட்டி, பாளையம், குறிச்சி, மங்கலம் என்று முடிவதைப் போலத்தான், முடிவைப் பார்த்தால் யார் எப்படிக் குடியேறினார்கள் என்று கொஞ்சம் ஊகிக்கலாம். ஹாம் என்றால் பெரும்பாலும் வீடு, குடியிருப்பு. டன் என்றால் பண்ணை. லி என்றால் காட்டை வெட்டித் திருத்திய இடம். இவையெல்லாம் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் வைத்தவை. பி, தார்ப் என்று முடிந்தால் டென்மார்க் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங் மக்களின் மொழி, அதனால்தான் யார்க்ஷயர், லிங்கன்ஷயர் பக்கம் போனால் அவை கொட்டிக் கிடக்கும், தெற்கே போகப் போகக் குறைந்துவிடும். காட்ஸ்வோல்ட் குன்றுகளில் அப்பர் ஸ்லாட்டர் என்று ஒரு ஊர் இருக்கிறது, பெயரைக் கேட்டதும் அங்கே ஏதோ படுகொலை நடந்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சேற்று நிலத்தைக் குறிக்கிற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் எங்கே போக வேண்டும்?

சர்ச்சுக்கு. மத நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை விடுங்கள், ஊரிலேயே பழைய கட்டடம் அநேகமாக அதுதான், பகலில் பல ஊர்களில் திறந்தே இருக்கும். வாசலில் கூரை போட்ட மரத்தாலான நுழைவு ஒன்று இருந்தால் அதற்கு லிச் கேட் என்று பெயர். லிச் என்பது பிணத்துக்கான பழைய சொல், சவத்தைத் தூக்கி வந்தவர்கள் பாதிரியார் வரும்வரை அங்கே இறக்கி வைத்துக் காத்திருப்பார்கள். கல்லறைகளுக்கு நடுவில் இருண்ட பச்சையில் ஒரு யூ மரம் நிற்கும், சில இடங்களில் அது சர்ச்சைவிட வயதானது. உள்ளே போனால் பித்தளைத் தகடுகளும் பளிங்குச் சிலைகளும் எல்லாம் பணக்காரக் குடும்பங்களுக்குத்தான். ஏழைகள் வெளியே, புல்லுக்கு அடியில், பெரும்பாலும் கல்லே இல்லாமல் கிடக்கிறார்கள்.

அவர்களுடைய பெயர் கிடைக்கும் இடம் பாரிஷ் பதிவேடு. பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட எல்லை. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆனது. கூலிக்காரன் மகள் ஒருத்தி 1600-களில் மூன்று நாள் மட்டும் உயிரோடு இருந்திருந்தால்கூட அவள் வந்ததும் போனதும் இரண்டு வரியாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு இருக்கிறது. இங்கிலாந்துக் கிராம வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பதிவேடுகள்தான், எந்தக் கோட்டையையும்விட.

எல்லா ஊரிலும் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே?

முதல் உலகப் போரில் ஆட்களை இழக்காத ஊர் அவ்வளவு அபூர்வம். போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிய ஊர்களை 'நன்றியுள்ள கிராமங்கள்' என்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஐம்பது சொச்சம்தான் தேறும். மேலே சொன்ன அப்பர் ஸ்லாட்டர் இரண்டு உலகப் போரிலும் ஒருவரையும் இழக்கவில்லை. மற்ற ஊர்களில் நின்று பெயர்களைப் படித்துப் பாருங்கள், ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும்.

வயல்களுக்கு நடுவே இவ்வளவு வேலி எதற்கு? முன்பும் இப்படித்தானா?

இல்லை. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த உயிர்வேலிகள் ஆதிகாலம் தொட்டே இருப்பதாக நினைக்கிறார்கள். சில பழையவைதான். ஆனால் நாட்டின் நடுப்பகுதியில் நீங்கள் பார்க்கிற நேர்கோட்டு வேலிகள் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டில் போட்டவை.

அதற்கு முன் அங்கே ஊரைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய வயல்கள் இருக்கும், வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீளமான துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒரு குடும்பத்துக்கு இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று சிதறி இருக்கும், அதனால் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் பங்காகும். ஒரு வயலில் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு, அடுத்த வருஷம் மாறும். இதுபோக ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊருக்குப் பொது நிலம் இருந்தது, நம் புறம்போக்கு மாதிரி. சொந்த நிலமே இல்லாத ஒரு விதவைக்கும் அங்கே ஒரு பசுவை ஓட்டிவிட வழி இருந்தது.

பிறகு நாடாளுமன்றம் ஊர் ஊராகச் சட்டம் போட்டு அந்த நிலங்களை அடைத்துத் தனித்தனிச் சொத்தாக்கியது. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள், மொத்தம் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விளைச்சல் பெருகியது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலம் வைத்திருந்தவனுக்கு அதிகம் கிடைத்தது, உரிமையைக் காட்டக் காகிதம் இல்லாதவனுக்கு மிகக் கொஞ்சமோ ஒன்றுமே இல்லாமலோ போனது. பசுவை விற்றவன் கூலிக்காரன் ஆனான். அந்தக் கூலியும் குறைந்துகொண்டே வந்தபோதுதான் டார்செட் மாவட்டத்தில் டால்பட்டில் என்ற கிராமத்தில் ஜார்ஜ் லவ்லெஸ் முதலான ஆறு பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள். வாரக் கூலி 7 ஷில்லிங்காக இறங்கி, இன்னும் 6 ஆகும் என்ற நிலை. சங்கம் வைத்தது அப்போது குற்றமல்ல என்பதால், ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று சொல்லி 1834-இல் ஏழு வருஷத் தண்டனையோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மக்கள் எதிர்ப்பு பெருகவே 1836-இல் மன்னிப்பு வந்தது. இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும் தொழிற்சங்கக்காரர்கள் கொடி பிடித்து அந்தச் சின்ன ஊரின் தெருவில் நடந்து போகிறார்கள்.

பழைய வயல் முறை இப்போது எங்காவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது! நாட்டிங்கம்ஷயரில் லாக்ஸ்டன். மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்களை இன்றும் துண்டு துண்டாகப் பிரித்து, மூன்று வருஷச் சுற்றில் பயிரிடுகிறார்கள். 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் அந்த ஊரின் ஒவ்வொரு துண்டையும் வரைந்த வரைபடம் ஒன்று இருக்கிறது, அதில் உழுகிறவர்களும் மேய்க்கிறவர்களும்கூடச் சின்னச் சின்ன உருவங்களாக இருப்பார்கள்.

எனக்கு அதிசயம் வயலைவிட அதை நடத்துகிற முறைதான். நவம்பர் கடைசியில் ஊர்க்காரர்கள் சிலர் ஜூரியாகச் சேர்ந்து விதைத்த வயலைச் சுற்றி வந்து, யாராவது பொதுப் புல்தரையிலோ பாதையிலோ ஏறி உழுதிருக்கிறார்களா என்று பார்த்து, எல்லைக்கு முளை அடிப்பார்கள். ஒரு வாரம் கழித்து 'கோர்ட் லீட்' கூடும், அடுத்தவன் எல்லையில் கை வைத்தவனுக்கு அபராதம். பேருக்கு வைத்திருக்கிற திருவிழாச் சடங்கு என்று எண்ண வேண்டாம், சட்டப்படி அதிகாரம் உள்ள மன்றம் அது. நிலம் 1952-இல் அரசு வாங்கி, பிறகு அரச எஸ்டேட்டுக்குப் போய், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு வந்திருக்கிறது, இத்தனை கை மாறியும் ஜூரி நடப்பது நிற்கவில்லை.

லாக்ஸ்டன் போக முடியாவிட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். மிட்லண்ட்ஸ் என்கிற நாட்டின் நடுப்பகுதியில் மாலை வெயில் சாய்கிற நேரத்தில் ஆடு மேய்கிற புல்வெளிகளைப் பாருங்கள். அலை அலையாக மேடு பள்ளம் தெரியும். அது இடைக்கால உழவு விட்டுப் போன தடம், மேலே புல் முளைத்து அப்படியே நின்றுவிட்டது.

அழிந்து போன கிராமங்கள் உண்டா?

நிறைய. இடைக்காலத்தில் கைவிடப்பட்டவை மட்டுமே சுமார் 3,000 கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாரும் 1348-49 கொள்ளைநோய்தான் காரணம் என்று சொல்வார்கள், அதில் நாட்டின் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்காவது செத்தது உண்மைதான், ஆனால் யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்ற ஊரைத் தோண்டிப் பார்த்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. மாரிஸ் பெரெஸ்ஃபோர்ட், ஜான் ஹர்ஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950 முதல் நாற்பது வருஷம் கோடைதோறும் தொண்டர்களோடு அங்கே தோண்டினார்கள். கொள்ளைநோய்க்குப் பிறகும் அந்த ஊர் நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. கம்பளிக்கு நல்ல விலை, உழவுக்கு ஆள் அதிகம் வேண்டும், ஆட்டுக்கு ஒரு இடையன் போதும், அதனால் 1500 வாக்கில் மிச்சம் இருந்த குடும்பங்களையும் நிலக்காரர் வெளியேற்றினார். இன்று அங்கே கூரையில்லாத சர்ச் ஒன்றும், புல்லுக்கு அடியில் வீடுகளின் அடித்தள மேடுகளும் இருக்கின்றன. கார் போகாது, நடந்துதான் போக வேண்டும், அதுவே நல்லது.

டார்செட்டில் மில்டன் அப்பாஸ் என்று வெள்ளைச் சுவரும் கூரையுமாக வரிசையாக வீடுகள் உள்ள ஊரைக் காலண்டர்களில் பார்த்திருப்பீர்கள். அது 1780 வாக்கில் புதிதாகக் கட்டியது. தன் மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஊர் கண்ணுக்கு உறுத்துகிறது என்று மில்டன் பிரபு அதை இடித்து, மக்களை இந்தப் பள்ளத்தாக்குக்கு மாற்றினார். அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் நடந்தால் அழகு குறைவதில்லை, ஆனால் மனசு கனக்கும்.

டைன்ஹம், இம்பர் என்று ஏதோ சொல்கிறார்களே?

இரண்டும் 1943-இல் ராணுவப் பயிற்சிக்காகக் காலி செய்யப்பட்டவை. சாலிஸ்பரி சமவெளியில் உள்ள இம்பர் மக்களை நவம்பர் 1 அன்று பள்ளிக்கூடத்தில் கூட்டி, 47 நாளில் போய்விடச் சொன்னார்கள். ஊர்க் கொல்லர் பட்டறையின் பட்டடைக்கல் மேல் சாய்ந்து அழுதார் என்றும் சில வாரங்களில் இறந்துபோனார் என்றும் சொல்வார்கள். டார்செட் கடலோரத்து டைன்ஹமில் கிளம்பும்போது சர்ச் கதவில் ஒரு கடிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள்: வீடுகளையும் சர்ச்சையும் கவனமாக நடத்துங்கள், போரில் வெல்ல எங்கள் வீடுகளைக் கொடுத்திருக்கிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம் என்பது அதன் சாரம். போர் முடிந்தது, ஒருவரையும் திரும்ப விடவில்லை. இரண்டு இடமும் இன்றும் ராணுவத்திடம்தான் இருக்கின்றன. டைன்ஹமைப் பல வார இறுதிகளில் பார்க்கலாம், இம்பர் வருஷத்தில் சில நாட்கள் மட்டுமே திறக்கும், போகும் முன் தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈம் கிராமத்தின் பிளேக் கதை உண்மையா?

அடிப்படை உண்மை. டெர்பிஷயரில் உள்ள இந்த ஊருக்கு 1665-இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிப் பொதி வந்தது, அதில் இருந்த தெள்ளுப்பூச்சி வழியாக நோய் வந்ததாகச் சொல்கிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல் ஆள் முதலில் இறந்தார். குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கி, அடுத்த கோடையில் நோய் மறுபடி எழுந்தபோது பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து, யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று மக்களிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார்கள். இவ்வளவுக்கும் இரண்டு பேரும் மதக் கொள்கையில் எதிரெதிர்ப் பக்கம். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சாப்பாடு எல்லைக்கல் வரை வரும், கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள். ஆராதனை திறந்த வெளியில் நடந்தது, செத்தவர்களை அவரவர் வீட்டாரே தோட்டத்திலோ வயலிலோ புதைத்தார்கள்.

14 மாதத்தில் சுமார் 260 பேர் போனார்கள். மாம்பெசனின் மனைவி கேதரினும் அதில் ஒருவர். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். அந்தக் கல்லறைகள் ஊருக்கு வெளியே மேட்டில் சின்ன வட்டச் சுவருக்குள் இருக்கின்றன.

எல்லாரும் மனமொத்துத்தான் தங்கினார்களா என்று இப்போதைய ஆய்வாளர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, வசதி இருந்த சிலர் முன்பே பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள், மாம்பெசனும் தன் குழந்தைகளை அனுப்பியிருந்தார். ஆனால் போக இடமில்லாமல் தங்கினார்களோ, விரும்பித் தங்கினார்களோ, அந்தப் பெண் தோண்டிய குழி ஏழுதான்.

நம் ஊருக்கும் இந்தக் கிராமங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாதது. பல ஊர்களில் சர்ச்சுக்குப் பக்கத்தில் 'நேஷனல் ஸ்கூல்' என்று கல்லில் செதுக்கிய பழைய பள்ளிக் கட்டடம் இருக்கும், இப்போது யாராவது குடியிருப்பார்கள். அந்தப் பள்ளிகள் பின்பற்றிய முறைக்குப் பெயர் 'மெட்ராஸ் முறை'! ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்து, எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார். அங்கே உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற வழியையும் சேர்த்துக்கொண்டார், திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊர் திரும்பி 1797-இல் அதைப் பற்றி எழுதினார், 1811-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாரிஷிலும் பள்ளி வேண்டும் என்று தொடங்கிய நேஷனல் சொசைட்டி அந்த முறையைக் கையில் எடுத்தது. ஆக, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற எத்தனையோ ஆங்கிலேயக் கூலிக்காரப் பிள்ளைகள் மணல் தட்டில் விரல் வைத்துத்தான் தொடங்கினார்கள்.

ஆக்ஸ்போர்ட்ஷயரில் ஸ்டோக் ரோ என்ற ஊரில் ஒரு குவிமாடத்தின் கீழ் ஒரு கிணறும் இருக்கிறது, 368 அடி ஆழம், காசி மகாராஜா பணம் கொடுத்துக் கையால் தோண்டி 1864-இல் திறந்தது. தண்ணீருக்குத் தவித்த அந்த ஊரைப் பற்றி இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சொல்லக் கேட்டு அவர் கொடுத்தார்.

பழைய வீட்டை வாங்கினால் இஷ்டப்படி மாற்றிக் கட்டலாமா?

பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலிட்ட கட்டடம் என்றால் அனுமதி இல்லாமல் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது, மீறினால் குற்றம். முதல் தரம், இரண்டாம் தரம் நட்சத்திரம், இரண்டாம் தரம் என்று மூன்று வகை, பெரும்பான்மை கடைசி வகை. தனி வீடு பட்டியலில் இல்லாவிட்டாலும் ஊரே பாதுகாப்புப் பகுதியாக இருக்கலாம், அந்த ஏற்பாடு 1967-இல் வந்தது. வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

நான் குடியிருக்கிற ஊரின் வரலாற்றை எப்படித் தேடுவது?

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள், பாரிஷ் பதிவேடுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்புறம் தசமபாக வரைபடம் கேளுங்கள். சர்ச்சுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதை 1836-இல் பணமாக மாற்றியபோது ஊர் ஊராக வயல், வீடு, உரிமையாளர், குடியிருப்பவர் எல்லாவற்றையும் வரைந்து எழுதினார்கள், உங்கள் வீடு நிற்கிற மனையில் அப்போது யார் என்ன பயிரிட்டார் என்றே தெரிந்துவிடலாம். மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் 1921 வரை பெயரோடு பார்க்கலாம், 1931 கணக்கு தீயில் போய்விட்டது. பழைய வரைபடங்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம் போங்கள், பெயர் அப்படி இருந்தாலும் இங்கிலாந்தும் அதில் இருக்கிறது, இலவசம். சில ஊர்களில் வரலாற்றுச் சங்கம் இருக்கும், மாதம் ஒரு நாள் ஊர் மண்டபத்தில் டீயும் பிஸ்கட்டுமாகக் கூடுவார்கள். தயங்காமல் போங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் தங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் அந்த வயதானவர்கள் எவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன், வீட்டிலிருந்து பழைய போட்டோப் பெட்டியை எடுத்து வந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம்?

ஈம். காலையில் போய்விடுங்கள், மியூசியம் பார்த்து, சர்ச் பார்த்து, அந்த எல்லைக்கல் வரை நடங்கள், வயல் வழியாகத்தான் பாதை, மழை பெய்திருந்தால் நல்ல பூட்ஸ் வேண்டும். வினிகர் ஊற்றிய குழிகளில் வருகிறவர்கள் இன்றும் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள்.